பிள்ளை முகத்தைப் பார்த்து

கணவன் மனைவி உறவு முறியும் கட்டத்தை எட்டும்போது தமிழ்க் குடும்பங்களில் கடைசியாக எடுத்து வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு: “பிள்ளை முகத்தைப் பார்த்தாவது பொறுத்துக்கோ.” பெரியவர்கள் கூடிப் பேசும் கூடத்திலும், மகளிர் காவல் நிலையத்து பெஞ்சிலும், குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசனை அறையிலும் ஏறத்தாழ இதே சொற்கள்தான் கேட்கின்றன. வேறு எதற்கும் பதில் வைத்திருக்கும் பெண் இதற்கு முன்னால் வாயடைத்துப் போகிறாள். ஆணும்தான். பெற்றோர் பிரிந்தால் பிள்ளை கெடும் என்பதும், அவர்கள் எப்படியாவது ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் பிள்ளை நன்றாக வளரும் என்பதும் இந்த வாதத்தின் இரண்டு பாதிகள். முதல் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி தவறு. வீடுகளில் முடிவுகள் எடுக்கப்படுவதோ அந்த இரண்டாம் பாதியை நம்பித்தான்.

முதல் பாதியின் உண்மை எவ்வளவு என்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அமாட்டோவும் புரூஸ் கீத்தும் 1991-இல், அதுவரை வெளிவந்திருந்த 92 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். அவற்றில் இடம்பெற்ற பிள்ளைகள் 13,000-க்கும் மேல். படிப்பு, நடத்தை, மனநலம், பெற்றோரோடு உறவு எனப் பார்த்த இடமெல்லாம், பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். ஆனால் அந்த இடைவெளி சராசரியாக ஒரு திட்ட விலக்கத்தில் ஏழில் ஒரு பங்கு. இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறையில் கலந்து உட்காரவைத்தால், யார் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று மதிப்பெண்ணையோ நடத்தையையோ கொண்டு சொல்ல முடியாத அளவுக்கு அது சிறியது. விர்ஜீனியாவில் பல ஆண்டுகள் குடும்பங்களைப் பின்தொடர்ந்த மேவிஸ் ஹெதரிங்டன் 2002-இல் தந்த கணக்கும் இதே பக்கம்தான் போகிறது: மணமுறிவு கண்ட வீட்டுப் பிள்ளைகளில் சுமார் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன, மற்ற வீடுகளில் அது சுமார் 10 விழுக்காடு. இரண்டரை மடங்கு என்பது சிறிய வேறுபாடில்லை. அதே கணக்கில், பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் நால்வரில் மூவர் மற்றவர்களைப் போலவே தேறினார்கள் என்பதும் இருக்கிறது. “அப்பா அம்மா பிரிஞ்ச பிள்ளை, அப்படித்தான் இருக்கும்” என்று உறவினர்கள் எழுதும் தீர்ப்பு இந்த மூவருக்கும் பொருந்தாது.

பிரிவு பிள்ளையின் வாழ்வை நடுவயது வரை விடாமல் துரத்துகிறது என்று வாதிடுவோர் பெரும்பாலும் சுட்டுவது ஜூடித் வாலர்ஸ்டைனின் ஆய்வை. 1971-இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் தொடங்கிய அந்த ஆய்வு, பிள்ளைகளோடு நீண்ட நேர்காணல்கள் நடத்தியது. அவர்களின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்ட வகையில் அது மதிக்கத்தக்க பணி. ஆனால் அதில் இருந்தவை 60 குடும்பங்கள் மட்டுமே. ஆலோசனை உதவி தரப்படும் என்ற அழைப்பை ஏற்று வந்தவர்கள் அவர்கள். தொடக்கத்தில் பிரியாத குடும்பங்கள் எவையும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படவில்லை. உதவி தேடி வந்த 60 வீடுகளின் வலியை எல்லா வீடுகளுக்கும் விதியாக்க அந்த ஆய்வால் முடியாது.

ஒப்பீட்டில்தான் பொதுக் கருத்தின் பெரிய பிழை இருக்கிறது. பிரிந்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பவர்கள் அதை எதிர்வீட்டுப் பிள்ளையோடு, அதாவது நல்லபடியாகக் குடும்பம் நடத்தும் தம்பதியின் பிள்ளையோடு, ஒப்பிடுகிறார்கள். அந்த எதிர்வீட்டு வாழ்க்கை இந்தப் பிள்ளைக்கு எந்த நாளிலும் வாய்க்கக்கூடியதாக இருக்கவில்லை. பெற்றோர் பிரியாமல் இருந்திருந்தால் அதற்குக் கிடைத்திருக்கக்கூடியது அதே வீடு, அதே சண்டை, இன்னும் பத்து ஆண்டுகள். ஒப்பிட வேண்டியது அதனோடுதான்.

இப்படி ஒப்பிட வழி தந்தது பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு. ஆண்ட்ரூ செர்லினும் அவருடைய குழுவினரும் அதிலிருந்து, 7 வயதில் பெற்றோர் இருவரோடும் வாழ்ந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, 11 வயதுக்குள் யாருடைய பெற்றோர் பிரிந்தார்கள் என்று பார்த்தார்கள். 1991-இல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. பிரிவின் விளைவு என்று எண்ணப்பட்டவற்றில் பெரும்பகுதி, ஆண் பிள்ளைகளிடம் குறிப்பாக, பிரிவுக்கு முன்பே, பெற்றோர் ஒரே வீட்டில் இருந்த 7 வயதிலேயே தென்பட்டிருந்தது. பிள்ளை வாடத் தொடங்கியது அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளில் இல்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. அதே பிள்ளைகளை 33 வயது வரை தொடர்ந்த பிறகு, பிரிவுக்கும் தனியே ஒரு பங்கு உண்டு என்று 1998-இல் செர்லினே எழுதினார். அந்தப் பங்கை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்தப் பங்கை மட்டும் பார்த்துவிட்டு, முந்தைய ஆண்டுகளின் பங்கைச் சுழியமாக எண்ணுவதைத்தான் பொதுக் கருத்து செய்கிறது.

அந்த முந்தைய ஆண்டுகள் பிள்ளைக்கு எப்படிப்பட்டவை? பள்ளி விட்டு வரும் பிள்ளை வாசலில் நின்று அப்பாவின் செருப்பைப் பார்க்கிறது. ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தால் ஒரு மாதிரி. ஒன்று குப்புறக் கிடந்தால் வேறு மாதிரி. உள்ளே சமையலறையில் பாத்திரம் வைக்கப்படும் ஓசையிலிருந்து அன்றைய மாலை எப்படிப் போகும் என்பதைக் கணித்துக்கொள்கிறது. பிறகு வேலை தொடங்குகிறது. “உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு.” “உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கும் தெரியும்னு, ஒவ்வொண்ணையும் சொல்லிக்காட்ட வேண்டாம்னு.” பேசுகிற இருவருக்கும் இடையே ஆறடி தூரம்கூட இல்லை. பிள்ளை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் நடக்கிறது. கொஞ்ச நாளில் அது சொற்களைத் திருத்தவும் கற்றுக்கொள்கிறது: குத்தலான பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டு சேர்க்கிறது. கணக்கு நோட்டு முன்னால் விரிந்திருக்கிறது, காது கூடத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் ஆசிரியை “கவனமே இல்லை” என்று எழுதி அனுப்புவார். உண்மையில் அந்த வகுப்பில் அதைவிடக் கூர்ந்து கவனிக்கும் பிள்ளை வேறு இருக்காது. அதன் கவனம் வேறிடத்தில் செலவாகிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கவனத்தைத்தான் மார்க் கம்மிங்ஸும் பாட்ரிக் டேவிஸும் 1994-இல் ‘உணர்வுப் பாதுகாப்பு’ என்ற கோட்பாடாக வடித்தார்கள். வீட்டின் அடித்தளம் ஆடுகிறதா என்பதைப் பிள்ளை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சோதனைக்கே அதன் ஆற்றல் கரைகிறது. பெரியவர்கள் சச்சரவிடும் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி அவர்களின் எதிர்வினையைக் கவனித்த கம்மிங்ஸின் ஆய்வுகளில் தமிழ் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, வாய் திறக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கோபமும் கத்தும் கோபத்தைப் போலவே பிள்ளைகளைக் கலங்கடித்தது. “நாங்க பிள்ளை முன்னால சண்டையே போடறதில்லை” என்று சொல்லும் பெற்றோர், மூன்று வாரம் பேசாமல் இருந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றொன்று, சண்டை தீர்ந்ததைப் பிள்ளை கண்டால் அதன் கலக்கம் வெகுவாகத் தணிந்தது. கருத்து வேறுபாடு எந்த வீட்டிலும் உண்டு. அது முடிவுக்கு வருகிறதா, அல்லது புகைந்துகொண்டே இருக்கிறதா என்பதில்தான் பிள்ளையின் தூக்கம் இருக்கிறது.

“சின்னக் குழந்தைதானே, அதுக்கு என்ன தெரியும்” என்ற ஆறுதலுக்கும் இடமில்லை. ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் 6 முதல் 12 மாதம் வரையான 20 கைக்குழந்தைகளுக்குத் தூங்கும்போதே மூளை ஸ்கேன் எடுத்தார்கள். தூக்கத்தில் அவர்கள் காதில் பொருளற்ற வாக்கியங்கள் வெவ்வேறு தொனிகளில் ஒலித்தன. சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளையில், கோபத் தொனி கேட்டபோது, பதற்றத்தையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. எண்ணிக்கை சிறியது, இதைக் கொண்டு பெரிய கோட்டை கட்டிவிட முடியாது. தொட்டிலில் கிடப்பது காதில்லாத பொம்மை இல்லை என்பதற்கு இது போதும்.

சண்டையின் தீங்கு பிள்ளையின் காதோடு நிற்பதில்லை. அது பெற்றோர் பிள்ளையை வளர்க்கும் விதத்துக்குள்ளேயே கசிகிறது. ஓஸ்னட் ஏரலும் போனி பர்மனும் 1995-இல் 68 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தம்பதி உறவின் தரமும் பெற்றோர்–பிள்ளை உறவின் தரமும் சேர்ந்தே ஏறி இறங்கின; அந்தத் தொடர்பின் அளவு, பிரிவின் விளைவாக அமாட்டோ கண்ட இடைவெளியைப் போல மூன்று மடங்குக்கு மேல். “அவங்களுக்குள்ள எப்படி இருந்தாலும் பிள்ளை மேல உசிரையே வெச்சிருக்காங்க” என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். உயிரை வைத்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரவெல்லாம் அழுத தாய் காலையில் சீருடைப் பொத்தானுக்காக அடிக்கிறாள். மனைவியின் முகத்தைத் தவிர்க்க நினைக்கும் தகப்பன் வேலையிலிருந்து பத்து மணிக்கு வருகிறான். பிள்ளை அதற்குள் தூங்கிவிடுகிறது. மனைவியிடமிருந்து விலகும் ஆண் பிள்ளையிடமிருந்தும் விலகிவிடுகிறான் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அவனுடைய பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, செருப்பு வாசலில் இருக்கிறது. ‘அப்பா இருக்கும் வீடு’ என்று ஊர் அதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

ஒரு பெற்றோர் இல்லாமையே பிள்ளையைக் கெடுக்கிறது என்ற எண்ணத்துக்கு அமாட்டோ–கீத் தொகுப்பிலேயே ஒரு மறுப்பு உண்டு. மரணத்தால் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளும் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் படிப்பிலும் நடத்தையிலும் அவர்கள் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளைவிட மேலாக இருந்தார்கள். இல்லாமை மட்டுமே நோய் என்றால், திரும்பி வரவே முடியாத இல்லாமை அதிகம் பாதித்திருக்க வேண்டும். இரண்டு வகை வீட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, முன்னும் பின்னும் நீளும் பகை.

இனி, பொதுக் கருத்தின் பக்கம் இருக்கும் மிக வலுவான சான்றுக்கு வரவேண்டும். அதுவும் அமாட்டோவிடமிருந்தே வருகிறது. 1980-இல் அமெரிக்காவில் சுமார் 2,000 மணமானவர்களிடம் தொடங்கிய தொடர் ஆய்வில் அவரும் ஆலன் பூத்தும் உடன் பணியாற்றியவர்களும் கண்டது இது: சண்டை மிகுந்த வீடுகளில் பெற்றோர் பிரிந்த பிள்ளைகள், அதே அளவு சண்டையோடு சேர்ந்தே இருந்த வீட்டுப் பிள்ளைகளைவிட, வளர்ந்த பிறகு நன்றாக இருந்தார்கள். சண்டை குறைந்த வீடுகளில் இது தலைகீழ்: அங்கே பிரிவு பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கியது. அவர்கள் பார்த்த மணமுறிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பெரிய பூசல் ஏதுமில்லாமல், சலிப்பினாலோ வேறு நாட்டத்தினாலோ முறியும் மணத்தில் பிள்ளைக்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை. நேற்றுவரை நன்றாக இருந்த வீடு இன்று இல்லை. இந்த உண்மையை மழுப்பக் கூடாது. அன்பு வற்றியிருந்தாலும் மரியாதை மிஞ்சியிருக்கும் வீட்டில், பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருப்போம் என்று இருவரும் எடுக்கும் முடிவு நியாயமானது. பிள்ளைக்கு நன்மையும் கூட.

ஆனால் பெரும்பாலான பிரிவுகள் சண்டை குறைந்த வீடுகளில் நிகழ்கின்றன என்ற அந்த விகிதத்தை அப்படியே இந்தியாவுக்குத் தூக்கி வர முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணமுறிவு பெற்றவர்கள் நாடு முழுவதும் சுமார் 13.6 லட்சம் பேர், மணமானவர்களில் 0.24 விழுக்காடு. நீதிமன்றப் படியேறாமலே பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு ஒன்றைத் தொடவில்லை. மணவாழ்க்கையில் வன்முறையின் கணக்கு வேறு உயரத்தில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையான மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் அது 29 விழுக்காடு. நாடு முழுவதும் அடி விழும் வீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது, பிரியும் வீடுகள் ஒன்றுக்கும் கீழ். பெண் பிறந்த வீடு திரும்பினால் ‘வாழாவெட்டி’ என்ற சொல் காத்திருக்கும் ஊரில், சலிப்புக்காகப் பிள்ளையோடு வெளியேறுபவர்கள் அரிது. இங்கே பிரிபவர்களில் பெரும்பாலோர் சண்டை மிகுந்த அந்த முதல் வகை வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று கொள்ளவே காரணம் இருக்கிறது. அவர்களிடம் போய்ப் பிள்ளை முகத்தைக் காட்டுவது, எந்த வீட்டில் சேர்ந்திருத்தல் பிள்ளைக்குத் தீங்கோ அந்த வீட்டுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புவதாகும்.

பிரிவு மேற்கிலிருந்து வந்த நோய் என்ற பேச்சும் இந்த இடத்தில் எழும். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் ‘அறுத்துக்கட்டுதல்’ நெடுங்காலமாக இருந்த வழக்கம்: ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிட்டு, பெண்ணும் ஆணும் மறுமணம் செய்துகொண்டார்கள். 1955 இந்து திருமணச் சட்டமே தன் 29-ஆம் பிரிவில் இத்தகைய வழக்காற்று மணமுறிவை விட்டுவைத்திருக்கிறது.

பிரிவுக்கென்று தனியாக உள்ள தீங்கு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. முதலாவது பணம். ஒரு வருமானத்தில் இரண்டு அடுப்பு எரிய வேண்டும். சாரா மெக்லனஹனும் கேரி சாண்டஃபரும் 1994-இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு, ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளின் பின்னடைவில் ஏறத்தாழப் பாதி வருமானக் குறைவால் வருவது என்று கணக்கிட்டார்கள். பள்ளி மாறுவதும், தெரு மாறுவதும், நண்பர்களை இழப்பதும் இதோடு சேர்ந்தவை. இவை ஜீவனாம்சம் ஒழுங்காக வந்தால், பெண்ணுக்கு வேலை இருந்தால், பிறந்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் பெருமளவு குறைபவை. ‘பொறுத்துக்கோ’ என்று சொல்ல வரும் உறவினர்கள் பள்ளிக் கட்டணத்துக்கும் வந்தால் பிள்ளைக்கு நேரும் நஷ்டத்தில் ஒரு பங்கு அன்றே குறையும்.

இரண்டாவது, பிரிவுக்குப் பிறகும் ஓயாத சண்டை. இதைச் சட்டமே ஊட்டி வளர்க்கிறது. ஒருவர் மட்டும் மணமுறிவு கேட்டால், எதிர்த்தரப்பின் கொடுமையையோ கைவிடலையோ வேறு குற்றத்தையோ நிரூபிக்க வேண்டும். ஆகவே பிள்ளையின் தாயும் தகப்பனும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதக்கூடிய மிக மோசமான வாக்கியங்களை, சத்தியப் பிரமாணத்தோடு, முத்திரைத்தாளில் எழுதுகிறார்கள். மீளமுடியாத முறிவையே போதிய காரணமாக ஏற்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-இல் ஒருமுறையும் 2009-இல் மறுமுறையும் பரிந்துரைத்தது. சட்டம் மாறவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 142-ஆம் பிரிவின் கீழ் தனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு அத்தகைய மணங்களை முடித்துவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. டெல்லிவரை போக முடிந்தவர்களுக்கான வழி அது. இருவரும் ஒப்பிக் கேட்கும் மணமுறிவுக்கு 1976-இல் வழி திறந்தபோது வைக்கப்பட்ட ஆறு மாதக் காத்திருப்பைத் தேவையெனில் தளர்த்தலாம் என்று அதே நீதிமன்றம் 2017-இல் சொன்னது ஒரு நல்ல திருப்பம். பகையோடு நடக்கும் வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. ஆறு வயதில் தொடங்கிய வழக்கு முடியும்போது பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கக்கூடும். அந்த ஆண்டுகளின் சேதத்தைப் பிரிவின் தலையில் எழுதுவது கணக்கைப் பிசகாக எழுதுவது.

மூன்றாவது, பிள்ளை யாரிடம் என்ற பங்கீடு. 1956-ஆம் ஆண்டின் இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளையின் நலனே தலையாயது என்றும் சொல்கிறது. நடைமுறையில் மற்றவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாரத்தில் சில மணி நேரச் சந்திப்பு. வழக்கு நடக்கும்போது அது நீதிமன்ற வளாகத்திலேயே நடப்பதும் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து சாக்லேட்டை எடுத்து நீட்டி, “என்ன படிக்கிறே” என்று தகப்பன் கேட்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. பிள்ளை பதில் சொல்லுமுன் வாசலில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கிறது, சொல்லலாமா என்று. இரண்டு பேரில் ஒருவரிடம் அன்பு காட்டினால் மற்றவருக்குத் துரோகம் என்று பிள்ளைக்குத் தோன்றும் இந்த இடமே, பிரிந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டும் காயம். வன்முறை இல்லாத வீடுகளில் இருவரும் சேர்ந்தே பிள்ளையை வளர்க்கும் கூட்டுப் பொறுப்பையும், அதற்கான எழுத்துபூர்வ வளர்ப்புத் திட்டத்தையும் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் 2015-இல் பரிந்துரைத்தது. அடிபட்டவரை அடித்தவரோடு கூட்டாளியாக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. மற்ற வீடுகளுக்கு இதுவே இப்போதைக்குக் கைவசமுள்ள நல்ல கருவி. சட்டமாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இருவரும் ஒப்பி எழுதித் தரும் திட்டத்தைக் குடும்ப நல நீதிமன்றம் உத்தரவாகவே ஆக்கித் தரலாம்.

அப்படி எழுதப்படும் திட்டம் பெரிய தத்துவம் பேசுவதில்லை. எந்தக் கிழமை யாரிடம், பள்ளிக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு, காய்ச்சல் வந்தால் யாரை முதலில் அழைப்பது, தீபாவளி இந்த ஆண்டு எந்த வீட்டில், பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்கு இருவரும் போகலாமா என்பவைதான் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நிற்கிறது. புத்தகப்பை கைமாறுகிறது. “ராத்திரி இருமல் மருந்து ஒரு மூடி. கணக்கு நோட்டுல கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கு ஓவியப் போட்டியாம், கலர் பென்சில் பக்கத்துப் பையில இருக்கு.” “சரி. புதன்கிழமை நானே பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போறேன்.” பேசுகிற இருவருக்கும் இடையே ஆறடி தூரம். சொல்ல வேண்டியதை ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளை அதற்குள் மாடிப்படி ஏறிப் போய்விட்டது.